வைகைப் பாலமும் மிதிவண்டியும்

வைகை ஆறு பிறக்கின்ற நாட்டில் பிறந்தவன் நான். தேனி மாவட்டத்தின் தென்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியிலே கிடக்கிறது வருசநாடு. மலைமேல் பெய்கின்ற மழை ஓடைகளாக இறங்கி, ஒன்றோடொன்று கூடி, மூல வைகை என்னும் பெயர் பூண்டு, எங்கள் சிற்றூர்களின் ஓரமாக வடக்கு நோக்கி ஓடுகின்றது. தேனிக்கு அருகில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் நீரும் அதனோடு கலக்கிறது. பிறகு ஆறு கிழக்கே திரும்பி, ஆண்டிபட்டியை அடுத்த வைகை அணையில் சிறிது காலம் தங்கி, மதுரை மாநகரைக் கடந்து, சிவகங்கை, இராமநாதபுரச் சீமைகளை நோக்கிச் செல்லுகின்றது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ஆற்றைப் பற்றியது அன்று. மதுரையில் அந்த ஆற்றின்மேல் நிற்கும் பழைய பாலத்தைப் பற்றியும், அந்தப் பாலத்தை என்னைப் போன்ற எளியவர்கள் கடப்பதற்குத் துணையாக வந்த ஓர் எளிய இயந்திரத்தைப் பற்றியும் பேச விரும்புகிறேன். பாலத்தின் வரலாற்றைச் சொல்ல வந்தவன் மிதிவண்டியை ஏன் உடன் அழைத்து வருகிறான் என்று மாணவ நேயர்கள் வியக்கலாம். இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. ஆயினும் ஒன்றை ஒன்று சந்திக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்தச் சந்திப்பினாலே என்ன விளைந்தது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் ஆற்றின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். வைகை, ஆண்டு முழுதும் நீர் ஓடுகின்ற ஆறு அன்று. மழை பெய்தால் பெருகும். மழை நின்றால் மெலியும். பல திங்கள் மணலே ஆறாகக் கிடக்கும். ஆனால் வெள்ளம் வருகின்ற நாளில் அதன் வேகமே வேறு. சங்க நூலாகிய பரிபாடலில் வைகைக்கென்றே தனிப் பாடல்கள் இருப்பதையும், புதுவெள்ளம் கண்ட மதுரை மக்களின் மகிழ்ச்சி அவற்றிலே பேசப்படுவதையும் நீங்கள் வகுப்பறையில் படித்திருப்பீர்கள். புலவனுக்கு அந்த வெள்ளம் மகிழ்ச்சி. அக்கரைக்குப் போய்த் தீரவேண்டிய மருத்துவச்சிக்கும், தயிர்க்காரிக்கும், கூலியாளுக்கும் அது என்னவாக இருந்திருக்கும்? நீர் வடியும்வரை கரையிலே காத்திருப்பதுதான் அவர்களுடைய வழி. காத்திருக்கப் பொறாதவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கினார்கள். அவர்கள் எல்லாரும் கரை ஏறினார்கள் என்று சொல்ல முடியாது.

மதுரையில் ஆறு நகரை இரண்டாகப் பிரிக்கின்றது. மீனாட்சியம்மன் கோயிலும் அதைச் சுற்றிய பழைய நகரமும் தென்கரையில் இருக்கின்றன. கோரிப்பாளையம், தல்லாகுளம், தமுக்கம் ஆகியவை வடகரையில் இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து புறப்படும் கள்ளழகர், தம் தங்கை மீனாட்சியின் திருமணத்தைக் காண விரைந்து வருகிறார் என்றும், அவர் வந்து சேருமுன்னரே திருமணம் முடிந்துவிட்டதால் ஆற்றில் இறங்கியதோடு நகருக்குள் வாராமல் திரும்பிவிடுகிறார் என்றும் நம் மக்கள் கதை சொல்வார்கள். அக்கதையிலே ஆற்றைக் கடக்க இயலாத மக்களின் பழைய ஏக்கமும் ஒளிந்திருக்கிறதோ என்று நான் எண்ணியதுண்டு.

இந்த ஆற்றை முதன்முதலாக நனையாமல் கடந்தது புகைவண்டி. திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த இருப்புப்பாதை 1875-ஆம் ஆண்டில் மதுரையை எட்டியது. வண்டியில் ஏறச் சீட்டு வாங்கியவர் வெள்ளத்தின் மேலே சென்றார். வாங்க இயலாதவர் வெள்ளத்திலே நடந்தார். மனிதரும் மாட்டுவண்டியும் செல்லத்தக்க பெரிய பாலம் 1889-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. வரிசையாக அமைந்த வில் வளைவுகளின்மேல் நிற்கும் அந்தப் பாலத்துக்கு ஆல்பர்ட் விக்டர் பாலம் என்று பெயரிட்டார்கள். ஏ.வி. பாலம் என்று மதுரை மக்கள் அதைச் சுருக்கிக்கொண்டார்கள்.

யார் இந்த ஆல்பர்ட் விக்டர்? விக்டோரியா மகாராணியின் பேரர்; பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு என்று முடிசூடியவரின் மூத்த மகன். 1889-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அரியணை ஏறும் உரிமை பெற்றிருந்தும் அவர் அரசராகவில்லை. 1892-ஆம் ஆண்டு, தம் 28-ஆம் வயதிலேயே நோயுற்று இறந்தார். அவர் பிறந்த நாட்டிலேயே இன்று அவரை நினைப்பவர் சிலரே. மதுரையிலோ, பேருந்து நடத்துநர் நாள்தோறும் நூறு முறை அவர் பெயரின் முதலெழுத்துக்களை உரக்கக் கூவுகின்றார்! கல்லிலே பெயர் பொறிக்கப்படுவது ஒன்று. மக்களின் வாழ்விலே ஒரு பொருள் இடம்பெறுவது வேறொன்று. இப்பாலம் இளவரசரின் பெயரைத் தாங்கியது. தன்மேல் நடந்தவர்களின் சுமையையும் தாங்கியது. இரண்டாவது செய்தியை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

பாலம் திறக்கப்பட்ட அதே காலத்தில் வைகையின் மேற்குத் திசையில் மற்றொரு பெரும்பணி நடந்துகொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தை நீங்கள் வரலாற்றிலே படித்திருப்பீர்கள். மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்றின் நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குக் கொண்டுவருவதற்காக 1886-ஆம் ஆண்டில் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஆயிற்று. ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் தலைமையில் 1887-இல் வேலை தொடங்கி, 1895-இல் அணை முடிந்தது. மலைக்காய்ச்சலுக்கும் காலராவுக்கும் இடையே பல்லாயிரம் தொழிலாளர் அங்கே உழைத்தார்கள். ஆக, பஞ்சத்துக்குப் பிந்திய இருபது ஆண்டுகளுக்குள்ளே வைகைக்கு மேலே ஒரு பாலமும், வைகைக்குள்ளே புதுநீரும் வந்துவிட்டன.

இதே ஆண்டுகளில் கடல்கடந்த நாட்டிலே சிலர் வேறொரு வேலையில் முனைந்திருந்தார்கள். மனிதன் தன் காலாலேயே உருட்டிச் செல்லும் வண்டி ஒன்றைச் செப்பஞ்செய்வது அவர்கள் வேலை. 1817-ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் நாட்டில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒரு மரச்சட்டத்திலே பொருத்தி, தரையைக் காலால் உந்தி ஓட்டிக் காட்டினார். பின்னர் முன்சக்கரத்தில் பெடல் வந்தது. வேகம் வேண்டி அந்த முன்சக்கரத்தை ஆள் உயரத்துக்கு வளர்த்தார்கள். ஏறுவது அருமை, விழுவது எளிது என்னும் நிலை உண்டாயிற்று. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக, பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின் செல்லும் வண்டியைச் செய்தார். நாம் இன்று காணும் மிதிவண்டியின் உருவம் அதுவே. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் வண்டி குலுங்காமல் ஓடவேண்டுமென்று ரப்பர்க் குழாயிலே காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அந்தக் காற்றுச் சக்கரத்துக்கு உரிமையும் பெற்றார். அடுத்த ஆண்டு மதுரையில் பாலம் திறக்கப்பட்டது. காலத்தால் இவை எவ்வளவு நெருங்கியவை என்று பாருங்கள்!

ஆனால் காலம் நெருங்கியிருந்தால் மட்டும் போதாது; விலையும் நெருங்கவேண்டும். தொடக்கத்தில் மிதிவண்டி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுமே அதை வாங்கினார்கள். அக்காலத்தில் பாலத்தின்மேல் சென்ற பெருங்கூட்டம் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஜட்கா வண்டியிலுமே சென்றிருக்கும். விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறியது. 1949-ஆம் ஆண்டில் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்று, அம்பத்தூரில் வண்டிகள் உருவாயின. 1956-இல் பஞ்சாபின் லூதியானாவில் ஹீரோ நிறுவனம் பிறந்தது. உள்நாட்டில் செய்த வண்டி ஊர்தோறும் வந்தது. வாங்க முடியாதவருக்கு மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் கடைகளும் தெருமுனைகளிலே முளைத்தன. அதன் பிறகே பாலமும் மிதிவண்டியும் உண்மையாகச் சந்தித்தன எனலாம்.

அந்தச் சந்திப்பை நான் கண்ணாரக் கண்டவன். 1971-ஆம் ஆண்டில் நான் மதுரைக்குப் படிக்க வந்தேன். அப்போது தேனி தனி மாவட்டம் அன்று. அது மதுரையிலிருந்து பிரிந்தது 1996-இலே. எங்கள் வருசநாட்டார் மதுரைக்குப் போவதென்றால் ஏதோ சீமைக்குப் போவதுபோல மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். என் கல்லூரி வடகரையிலும், குறைந்த வாடகைக்குக் கிடைத்த அறை தென்கரையில் சிம்மக்கல்லுக்கு அருகிலும் அமைந்தன. நாள்தோறும் பேருந்துக்குக் கொடுக்கப் பணம் இல்லை. நடந்தால் மாலையில் நான் கணக்கெழுதச் சென்ற கடைக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. கடை வேலை போனால் அறை வாடகை இல்லை. அறை இல்லையேல் படிப்பு இல்லை. என் படிப்பு முழுவதும் அந்த ஆற்றின் இரண்டு கரைகளுக்கு இடையே தொங்கிக்கொண்டிருந்தது.

செய்தி அறிந்த என் தந்தையார், அவ்வாண்டு எங்கள் மரங்களில் காய்த்த இலவம்பஞ்சை விற்ற பணத்தைக் கொண்டுவந்து, பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மட்கார்டு நெளிந்திருந்தது, பெடலில் ஒரு பக்கம் கட்டை இல்லை. "ஆறு ஊரைச் சுற்றித்தானே மதுரைக்கு வருகிறது? நீயும் சுற்றித் திரியாமல் நேரே போய் நேரே வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

காலை வேளையில் ஏ.வி. பாலம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். வடகரையிலிருந்து பால்காரர்கள் கேரியரின் இருபுறமும் பால்கேனைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னே செல்லூர்ப் பகுதியிலிருந்து மில்லுக்குச் செல்லும் தொழிலாளர், ஹேண்டில்பாரில் தூக்குப்பாத்திரம் ஆட, கூட்டமாக வருவார்கள். மல்லிகைப் பூக்கூடை ஒரு வண்டியில் மணத்துக்கொண்டே போகும். எதிர்ப்புறத்தில் நாங்கள், மாணவர்கள், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே விரைவோம். மணியோசை ஓயாது. ஆடி மாதத்தில் மேல்காற்று ஆற்றுமணலை வாரிப் பக்கவாட்டிலிருந்து வீசும். கண்ணைத் திறக்க முடியாமல் எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்போம். அப்பொழுது முதலாளியின் புதுவண்டியும் தொழிலாளியின் பழைய வண்டியும் ஒரே வேகத்திலேதான் நகரும். இருட்டிய பிறகு விளக்கில்லாமல் வந்தால் காவலர் நிறுத்துவார் என்பதால், டைனமோ இல்லாதவர்கள் பாலத்துக்கு முன்னரே இறங்கி, நடப்பவர்களைப்போல நல்ல பிள்ளைகளாக வண்டியை உருட்டிச் செல்வார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

ஓர் ஐப்பசி மாலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வருசநாட்டில் அடைமழை என்று வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. அணையில் நீர் நிரம்பித் திறந்திருந்தார்கள். பாலத்தின் நடுவே வந்தபோது கீழே ஆறு செங்காவி நிறத்தில் கரைபுரண்டு ஓடியது. ஆற்றின் நடுவில் நிற்கும் மையமண்டபத்தைச் சுற்றி நீர் சுழித்தது. நான் இறங்கிச் சுவரோரம் நின்றுவிட்டேன். வழியில் வந்த முதிய பால்காரர் ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, "என்ன தம்பி, செயின் கழன்றுவிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, எங்கள் ஊர்த் தண்ணீரைப் பார்க்கிறேன்" என்றேன்.

அவர் ஆற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "என் தாத்தா காலத்தில் இந்தத் தண்ணீர் வந்தால் அக்கரையில் பால் இல்லை, பிள்ளைகள் அழும் என்பார்கள். இப்போது தண்ணீர் பாட்டுக்குப் போகிறது, நான் பாட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தார்.

பாலத்தின் வரலாற்றை அவரினும் சுருக்கமாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு பாலம் திறக்கப்படுவது ஒரு நாளில். அது எல்லாருக்கும் உரியதாவது பல ஆண்டுகளில். நியூயார்க் நகரத்தின் புகழ்பெற்ற புரூக்ளின் பாலம் 1883-இல் திறக்கப்பட்டபோது நடந்து செல்பவரும் ஒரு செண்ட் சுங்கம் செலுத்தவேண்டியிருந்தது. 1891-இலேதான் அந்தச் சுங்கம் நீங்கியது. எங்கும் இதுவே கதை. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பாலத்தைக் கட்டிவிடலாம். அதைக் கடக்கும் வகை எளியவனுக்கும் கிடைக்கின்ற அன்றுதான் பாலம் நிறைவு பெறுகின்றது.

இவ்வளவும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். இனிச் சொல்வது என் குறை.

எனக்கு ஒரு தங்கை உண்டு. வைகை அணை திறக்கப்பட்ட 1959-ஆம் ஆண்டிலே பிறந்தவள். என்னினும் கூர்மையான அறிவுடையவள். கணக்கிலே அவள் கை ஓங்கியே இருக்கும். எங்கள் சிற்றூரில் எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். மேல்வகுப்புக்குப் பல மைல் போகவேண்டும். இடையே மூல வைகையையும் கடக்கவேண்டும். 1972-ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு நான் என் மிதிவண்டியைப் பேருந்தின் மேலே ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மறுநாள் காலையில் அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "அண்ணா, எனக்கும் ஓட்டச் சொல்லித் தருகிறாயா? கற்றுக்கொண்டால் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டுப் பொழுது சாயுமுன் வந்துவிடுவேனே" என்று கேட்டாள்.

திண்ணையில் இருந்த பாட்டி, பெண்பிள்ளை வண்டி ஏறினால் ஊர் என்ன பேசும் என்று கடிந்துகொண்டாள். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். படித்த பிள்ளை என்ன சொல்லுகிறான் என்று பார்த்திருக்கவேண்டும். நானோ பேசாமல் இருந்துவிட்டேன். அதே தெருவில் பத்து வயதுப் பையன்கள் பாருக்கு அடியிலே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவள் வண்டியைத் துடைத்து முடித்துச் சுவரிலே சாத்திவிட்டு உள்ளே போனாள். அந்தக் கோடையோடு அவள் படிப்பு நின்றது. பாலம் கடந்து படித்தவன் நான். என் தங்கைக்கு ஒரு பாலமாக இருக்கவேண்டிய வேளையில் இருக்கவில்லை.

இது என் ஒருவன் வீட்டுக் கதை அன்று என்பதைப் பின்னர் உணர்ந்தேன். 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பிக்கும் முயற்சிக்கு ஊக்கம் கொடுத்தார். கல் உடைப்போரும் கூலி வேலை செய்வோரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியைகளுமாகப் பல்லாயிரம் பெண்கள் வண்டி ஓட்டக் கற்றார்கள். தந்தையோ கணவனோ அண்ணனோ வந்து அழைத்துச் செல்லவேண்டும் என்று காத்திருந்தவர்கள், தாமே சந்தைக்கும் வேலைக்கும் சென்று திரும்பினார்கள். எழுத்தும் சக்கரமும் அங்கே ஒன்றாகச் சுழன்றன. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று நான் நெடுநேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

பின்னர்த் தமிழக அரசே மேல்நிலைப் பள்ளி மாணவியருக்கும் மாணவருக்கும் விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. வடக்கே பீகார் மாநிலம் 2006-ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்புச் சிறுமியருக்கென ஒரு மிதிவண்டித் திட்டம் வகுத்தது. அதன் விளைவை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் சிறுமியரின் தொகை உயர்ந்ததென்றும், பள்ளி தொலைவாக இருந்த ஊர்களிலே அவ்வுயர்வு மிகுந்து காணப்பட்டதென்றும் கண்டார்கள். தொலைவு என்பது மைல் கணக்கு மட்டும் அன்று. எவருக்கு வண்டி இருக்கிறது, எவருக்கு அனுமதி இருக்கிறது என்பதும் அதிலே சேர்ந்தது. 1972-இல் எங்கள் ஊருக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த தொலைவு எனக்கு ஒன்றாகவும் என் தங்கைக்கு வேறொன்றாகவும் இருந்தது.

சென்ற ஆண்டு வருசநாட்டுக்குப் போயிருந்தேன். மலையிலே பெரிய மாறுதல் உண்டு. மேகமலைக் காடுகளும் அவற்றை ஒட்டிய காடுகளும் 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாயின. ஆற்றின் பிறப்பிடத்துக்கு அதனால் ஒரு காவல் கிடைத்திருக்கின்றது. காடு பிழைத்தால் ஓடை பிழைக்கும். ஓடை பிழைத்தால்தான் ஆறு உண்டு. மாலை நேரத்தில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சிறிய பாலத்தின்மேல் நின்றுகொண்டிருந்தேன். கீழே முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு ஏழெட்டுச் சிறுமியர் அரசு கொடுத்த மிதிவண்டிகளில் வரிசையாக வந்தார்கள். அவர்களில் ஒருத்தி வண்டியை நிறுத்தி இறங்காமலே ஒரு காலை ஊன்றி, "என்ன தாத்தா, இங்கே தனியாக நிற்கிறீர்கள்?" என்றாள். என் தங்கையின் பேத்தி அவள்; பதினோராம் வகுப்பிலே கணக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்.

"சும்மா, தண்ணீரைப் பார்க்கிறேன், அம்மா" என்றேன்.

"பாட்டி தேடும், நான் போகிறேன்" என்று சொல்லி அவள் மிதித்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டு வாசலில் என் தங்கை நின்று அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலே நடந்து போய்ச் சேர்ந்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே நான் பேசியிருக்கவேண்டிய சொல்லை அன்று அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "உன் வண்டியை மறுநாளும் நான்தான் துடைத்தேன், தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அது தெரியாது.

திரும்பும் வழியில் மதுரையில் இறங்கி ஏ.வி. பாலத்தைப் பார்க்கப் போனேன். 130 ஆண்டுகளுக்கு மேலாகியும் பாலம் நிற்கிறது. நகரத்தில் வைகையின் மேலே வேறு பாலங்களும் வந்துவிட்டன. ஆற்றிலே தண்ணீர் இல்லை. மணலையும் புதரையுமே கண்டேன். மேலே பேரணையிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் வயல்களுக்குச் செல்கின்றது. மதுரைக்கும் குடிநீர் வேண்டும். எல்லாருக்கும் பங்கிட்டது போகப் பெரும்பாலான நாட்களில் ஆற்றுக்கு மிஞ்சுவது இல்லை. பாலத்தின் மேலேயோ இயந்திர வண்டிகளின் வெள்ளம்! அந்த வெள்ளத்தின் ஓரத்திலே, சுவரை ஒட்டி, ஒரு முதியவரும் ஒரு பள்ளி மாணவியும் மிதிவண்டியில் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னே நடுவழியாகச் சென்ற வண்டி இப்போது ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கின்றது. பெட்ரோலுக்குப் பணம் இல்லாதவர்கள் இன்றும் அக்கரைக்குப் போகவேண்டியவர்களே என்பதைச் சாலை வகுப்பவர்கள் மறத்தலாகாது.

மாணவ நண்பர்களே! வரலாறு என்றால் திறப்பு விழாவின் நாளையும் இளவரசரின் பெயரையும் மனப்பாடம் செய்வது என்று எண்ணிவிடாதீர்கள். அவையும் வேண்டும், ஆனால் அவற்றோடு நில்லாதீர்கள். ஒரு பாலத்தைக் கண்டால், இதைக் கட்டியவர் யார் என்பதோடு, இதன்மேல் முதலில் சென்றவர் யார், நெடுநாள் செல்ல இயலாதிருந்தவர் யார், அவர்கள் எவ்வாறு, எப்போது செல்லத் தொடங்கினார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், சிறப்பாகப் பாட்டிமாரிடம், கேளுங்கள். நூல்களில் இல்லாத செய்திகள் அவர்களிடம் இருக்கும்.

இன்னும் ஒன்று. உங்களுள் மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர்கள், வீட்டிலே தெரியாதவர் எவரேனும் இருந்தால், வருகின்ற விடுமுறையிலே சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள். ஒரு முறை கேட்டுவிட்டு மறுபடி கேளாதவர்களும் உண்டு.